நொதியமா, நொதியா, என்சைமா: உயிரியல் கொப்பியில் எதை எழுதுவது?

இலங்கையில் க.பொ.த. உயர்தர உயிரியலில் இரண்டாம் அலகு தொடங்கினால் அமினோ அமிலம், புரதம், நொதியம், இலிப்பிட்டு என்று சொற்கள் வரிசையாக வந்து இறங்கும். கூடவே ஒரு கேள்வியும் வரும். இந்த வருடம் அதை மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள்.

ஒருத்தி, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து அம்பிளாந்துறைப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறி இக்கரைக்கு வகுப்புக்கு வருகிற பிள்ளை. பள்ளிக்கூடத்தில் தந்த குறிப்பில் 'நொதியம்' இருக்கிறது. மச்சாள் கொடுத்த பழைய கொப்பியில் 'என்சைம்' இருக்கிறது. இரவில் தொலைபேசியில் பார்க்கிற தமிழ்நாட்டு வீடியோவில் 'நொதி' என்கிறார்கள். "மூன்றும் ஒன்றா சேர், வேறு வேறா?" என்று கேட்டாள். அடுத்தவர், அக்கரைப்பற்றில் இந்த வருடம்தான் கற்பிக்கத் தொடங்கியிருக்கிற ஓர் ஆசிரியை. கரும்பலகையில் எந்தச் சொல்லை எழுதுவது என்பது அவருடைய கவலை. மூன்றாமவர் களுவாஞ்சிக்குடியில் ஒரு தகப்பன். "எப்படியும் கம்பஸில் ஆங்கிலம்தானே, மகனை இப்பவே ஆங்கில மொழிமூலத்துக்கு மாற்றிவிடவா?" என்று கேட்டார்.

மூன்று பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் மூன்று பேரும் எதை எதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

## எதை வைத்து அளப்பது

மொழிப்பற்றை மட்டும் வைத்து இதைத் தீர்க்கப் போனால் வாக்குவாதம்தான் மிஞ்சும். நான் ஐந்து விடயங்களைப் பார்க்கிறேன்.

1. வினாத்தாளில் அந்தச் சொல்லே வருமா? முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினா, இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. அங்கே போய்ச் சொல்லை மொழிபெயர்த்துக்கொண்டு இருக்க நேரமில்லை.
2. சொல்லைக் கேட்டவுடன் பொருளில் பாதியாவது விளங்குமா?
3. ஒன்றுபோல ஒலிக்கிற இரண்டு சேர்வைகளை அந்த எழுத்து பிரித்துக் காட்டுமா? உயிர் இரசாயனத்தில் ஆகப் பெரிய ஆபத்து இதுதான். மற்ற நான்கையும் விட இதையே நான் கனமாக எடுக்கிறேன்.
4. வந்தாறுமூலைக்கோ சம்மாந்துறைக்கோ பல்கலைக்கழகம் போய் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும்போது, இங்கே படித்த சொல் அங்கே கூட வருமா?
5. வீட்டில், கிளினிக்கில் அதைச் சொன்னால் ஆட்களுக்கு விளங்குமா?

## சொற்கள் பக்கத்துப் பக்கத்தில்

| நமது பாடநூல் | தமிழ்நாட்டு நூல்கள் | பேச்சில் வரும் ஆங்கிலச் சொல் |
|---|---|---|
| கலம் | செல் | செல் |
| நொதியம் | நொதி | என்சைம் |
| காபோவைதரேற்று | கார்போஹைட்ரேட் | காபோஹைட்ரேட் |
| வெல்லம் | சர்க்கரை | சுகர் |
| மாப்பொருள் | ஸ்டார்ச், தரசம் | ஸ்டார்ச் |
| இலிப்பிட்டு | லிப்பிடு | லிப்பிட் |
| ஐதரசன் பிணைப்பு | ஹைட்ரஜன் பிணைப்பு | ஹைட்ரஜன் பொண்ட் |
| அனுசேபம் | வளர்சிதை மாற்றம் | மெட்டபொலிசம் |
| இறைபோசோம் | ரைபோசோம் | ரைபோசோம் |
| ஓமோன் | ஹார்மோன் | ஹோர்மோன் |
| அத்தியாவசிய அமினோ அமிலம் | இன்றியமையா அமினோ அமிலம் | எசென்ஷியல் அமினோ அசிட் |

'புரதம்', 'அமினோ அமிலம்' இரண்டும் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒன்றுதான். பழைய இலங்கைப் பாடநூல்களில் 'அமினோவமிலம்' என்று புணர்த்தி எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டியலாகப் பார்ப்பதைவிட ஒரு வாக்கியத்தில் பார்த்தால் நன்றாகத் தெரியும். எருமைப்பால் முட்டியில் உறைந்து தயிராவதை எடுத்துக்கொள்வோம்.

பாடநூல் நடை: "பாலிலுள்ள வெல்லத்தைப் பற்றீரியாக்களின் நொதியங்கள் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கூடும்போது பாற்புரதமாகிய கேசீன் திரள்கிறது."

தமிழ்நாட்டு நடை: "பாலில் உள்ள சர்க்கரையை பாக்டீரியாக்களின் நொதிகள் அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மை கூடும்போது பால் புரதமான கேசின் திரள்கிறது."

வகுப்புப் பேச்சு நடை: "பாலில் இருக்கிற சுகரை பக்டீரியாவின் என்சைம்ஸ் அசிட் ஆக்கும். அசிட் கூடினால் கேசீன் புரோட்டீன் கொஅகியுலேட் ஆகும்."

மூன்றும் ஒரே விடயத்தைத்தான் சொல்கின்றன. மூன்றையும் வாசித்துப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் கால் தடுக்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

## பாடநூல் சொற்கள்

இதன் முதல் பலம் வெளிப்படையானது. தமிழ் மொழிமூல வினாத்தாள் இந்தச் சொற்களில்தான் வருகிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலும் இவற்றில்தான். பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு இதைத் தவிர்க்க வழியே இல்லை.

இரண்டாவது பலத்தை எடுத்துச் சொல்ல ஆள் குறைவு. நல்ல கலைச்சொல் தானே பாடம் நடத்தும். 'நீர்ப்பகுப்பு' என்றால் நீரால் பகுப்பது. இரண்டு அமினோ அமிலம் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறிப் பெப்தைட்டுப் பிணைப்பு உண்டாகிறது. அதே பிணைப்பை உடைக்க ஒரு நீர் மூலக்கூறு திரும்ப வேண்டும். சொல்லைப் பிரித்தாலே தாக்கம் வந்துவிடும். 'ஒளித்தொகுப்பு', 'புரதத் தொகுப்பு' இரண்டிலும் அதே 'தொகுப்பு' வருகிறது. சிறியவற்றைச் சேர்த்துப் பெரியதைக் கட்டுவது என்ற கருத்து இரண்டு பாடங்களையும் கோத்துவிடுகிறது.

'நொதியம்' எனக்கு மிகவும் பிடித்த சொல். ஜேர்மன் நாட்டு உடற்றொழிலியலாளர் கூனே 1870களில் ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான பெயரைக் கிரேக்கத்திலிருந்து எடுத்தார். 'புளித்த மாவுக்குள்' என்பது அதன் பொருள். நம் சொல் நொதித்தலிலிருந்து வருகிறது. தோசை மா பொங்குவதையும் கள் நுரைப்பதையும் கண்ட பிள்ளைக்கு அந்தக் கருத்து வீட்டிலேயே இருக்கிறது. ஆங்கிலம் படிக்கிற பிள்ளைக்குக் கிரேக்கம் தெரியாது, அதனால் என்சைம் அதற்கு வெறும் ஒலி. நம் பிள்ளைக்கு நொதியம் பொருளோடு வருகிறது.

ஒரு பெருமையையும் சொல்ல வேண்டும். தமிழில் விஞ்ஞானச் சொல் ஆக்குவது நம் ஊருக்கு அந்நியமான வேலை இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அவருடைய முயற்சியில் 1875இல் வந்த இரசாயன நூலுக்குப் பெயர் 'கெமிஸ்தம்'. ஒலியைத் தழுவிய பெயர். பிறகு 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியபோது தலைமை வகித்தவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவர் யாழ் நூல் எழுதிய இசை ஆய்வாளர் மட்டுமல்லர், விஞ்ஞானம் படித்தவர், விஞ்ஞானம் கற்பித்தவர். ஒலியைத் தழுவுவதா, பொருளைத் தமிழில் சொல்வதா என்று நாம் இன்று கேட்கிற கேள்வியை அன்றே கையிலெடுத்த ஒருவர் நம் கரையோரத்து மனிதர்.

சரி, மறைந்திருக்கும் செலவு என்ன?

முதலாவது, எழுத்து விதி. பழந்தமிழ் இலக்கணப்படி ல, ர சொல்லுக்கு முதலில் வராது என்பதால் லிப்பிட் 'இலிப்பிட்டு' ஆனது, ரைபோசோம் 'இறைபோசோம்' ஆனது. ஹ வேண்டாம் என்பதால் ஹைட்ரஜன் 'ஐதரசன்' ஆனது. ஆங்கில வன்மை ஒலிக்கு ற்று போட்டதால் 'காபோவைதரேற்று' வந்தது. இதில் பிழை எதுவும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை யாரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் குறை. 'இறை' என்பதற்கு ஒரு தனிப் பொருள் இருக்கிறதாக்கும் என்று நினைத்து ஒரு பிள்ளை கொப்பியில் அதன் கீழே கோடு போட்டு வைத்திருந்ததைக் கண்டேன். பத்து நிமிடம் செலவழித்து இந்த நான்கு விதியையும் முதல் நாளே சொல்லிவிட்டால், பிள்ளை எந்தச் சொல்லையும் தானே அவிழ்த்துவிடும்.

இரண்டாவது, எல்லாச் சொல்லும் நொதியம்போல விளங்குவதில்லை. 'அனுசேபம்' அப்படி ஒரு சொல். உட்சேபம், அவசேபம் என்று அதன் பிள்ளைகள் வேறு. எது கட்டுவது, எது உடைப்பது என்று வருடா வருடம் மாறிவிடும். சொல்லுக்குள் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தின் முதல் மாதம். வந்தாறுமூலையில் விஞ்ஞான பீடமானாலும், மட்டக்களப்பில் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடமானாலும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை வளாகமானாலும் விரிவுரை ஆங்கிலத்தில். மெட்டபொலிசம் என்ற சொல் காதில் விழும்போது, இரண்டு வருடம் படித்த அனுசேபம் அதுதான் என்று பிள்ளைக்குத் தெரியாமல் போனால், தெரிந்த பாடமே தெரியாத பாடம் ஆகிவிடும். நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகள் இதனால் முதல் அரையாண்டில் வாடிப்போனதைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எப்போது இது நல்லது: பத்தாம், பதினோராம் வகுப்பில், தமிழ் மொழிமூல உயர்தரத்தில், முதன்முதல் ஒரு கருத்தை விளங்கிக்கொள்ளும்போது.

## தமிழ்நாட்டுச் சொற்கள்

இணையத்தில் தமிழில் உயிரியல் தேடினால் கிடைக்கிற வீடியோவும் குறிப்பும் பெரும்பாலும் அங்கிருந்துதான். அது பெரிய செல்வம். காசு கட்டி வகுப்புக்குப் போக முடியாத பிள்ளைக்கு அதுதான் இரண்டாவது ஆசிரியர். அதைப் பார்க்காதே என்று நான் சொல்ல மாட்டேன்.

சில இடங்களில் அவர்களின் சொல் நம்முடையதை விட மேல். 'வளர்சிதை மாற்றம்' என்பதைப் பாருங்கள். வளர் ஒரு பக்கம், சிதை ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்த மாற்றம். உட்சேபம் வளர் மாற்றம், அவசேபம் சிதை மாற்றம். நான் வகுப்பில் அனுசேபம் தொடங்கும்போது முதலில் வளர்சிதை மாற்றம் என்று சொல்லி விளங்கப்படுத்திவிட்டுத்தான் பாடநூல் சொல்லுக்குப் போகிறேன். 'இன்றியமையா அமினோ அமிலம்' என்பதும் அழகாக இருக்கிறது. ஆனால் அத்தியாவசியம் என்றாலும் இன்றியமையா என்றாலும் ஒரு பொறி இருக்கிறது. மற்றவை தேவையில்லை என்று பிள்ளை நினைத்துவிடும். புரதம் கட்டும் 20 அமினோ அமிலமும் உடலுக்கு வேண்டும். அவற்றில் 9ஐ வளர்ந்த மனித உடலால் தேவையான அளவு ஆக்க முடியாது, உணவிலிருந்துதான் வர வேண்டும். அந்த ஒன்பதுக்குத்தான் இந்தப் பெயர்.

இங்கே மறைந்திருக்கும் செலவு, பார்வைக்குத் தெரிந்த சொல் வேறு பொருளில் வருவது. கலம் அவர்களிடம் செல், இழையம் அவர்களிடம் திசு. இவை வேறு வேறு சொல் என்று தெரிவதால் பிள்ளை தானே கவனமாகிவிடும். வெல்லமும் சர்க்கரையும்தான் மாட்டிவிடும். நம் பாடநூலில் குளுக்கோசு, சுக்குரோசு எல்லாம் வெல்லங்கள். தமிழ்நாட்டில் வெல்லம் என்றால் கரும்பிலிருந்து காய்ச்சி எடுக்கும் கட்டி. அவர்கள் பாடத்தில் சர்க்கரை என்பது நம் வெல்லம், நம் வீட்டில் அது சீனி. அவர்களின் சர்க்கரை நோய் நமக்குச் சீனி வருத்தம். ஒரு வீடியோவில் கேட்டதை அப்படியே விடைத்தாளில் எழுதுகிற பிள்ளை இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது.

எப்போது இது நல்லது: பாடநூல் சொல் இருட்டாக இருக்கும்போது வெளிச்சம் போட. கேட்பதற்கும் விளங்குவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாளில் எழுதப் பாடநூல் சொல் இருக்கிறது.

## ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது

நம்மில் பலர் வகுப்பில் பேசுவது இப்படித்தான். என்சைம், புரோட்டீன், அமினோ அசிட். பேசும்போது இயல்பாக வருகிறது, பின்னால் ஆங்கிலத்துக்குப் போகும்போது காதுக்குப் பழகியும் இருக்கிறது. நான்காம் அளவுகோலில் இதற்கு நல்ல புள்ளி.

தனித்தனிச் சேர்வைகளின் பெயருக்கு வேறு வழியும் இல்லை. இருபது அமினோ அமிலத்துக்கும் தமிழ்ப் பெயர் கட்ட வேண்டும் என்று சில நல்ல மனிதர்கள் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை எனக்கு விளங்குகிறது, ஆனால் வேண்டாம் என்பேன். காரணம், அந்தப் பெயர்கள் மூல மொழியிலும் பெரும்பாலும் கண்டெடுத்த இடத்தின் அடையாளம்தான். கிளைசீன் என்றால் கிரேக்கத்தில் இனிப்பு. லியூசின் வெள்ளை. டைரோசின் பாற்கட்டி, 1846இல் லீபிக் அதைப் பாற்கட்டிப் புரதத்திலிருந்து பிரித்தெடுத்தார். செரின் பட்டு. முதன்முதல் பிரித்தெடுத்த அமினோ அமிலம் அஸ்பரஜின், 1806இல் பிரான்சில் அஸ்பரகஸ் என்ற தாவரத்திலிருந்து வந்தது. நாம் கஞ்சிக்குப் போடுகிற சாத்தாவாரியும் அந்தப் பேரினம்தான். கதையாகச் சொன்னால் பெயர் மனதில் நிற்கும். மொழிபெயர்த்தால், உலகம் முழுக்கப் பயன்படும் மூன்றெழுத்துக் குறியும் ஓரெழுத்துக் குறியும் பிள்ளையின் கையைவிட்டுப் போய்விடும். லைசீனுக்குக் குறி கே, டிரிப்டோஃபானுக்கு டபிள்யூ, டைரோசினுக்கு வை. இவை எந்த மொழியில் படித்தாலும் மாறாதவை.

ஆனால் இந்தத் தெரிவில்தான் ஆகப் பெரிய மறைசெலவும் இருக்கிறது. தமிழ் எழுத்தில் க ஒன்றுதான், ட ஒன்றுதான், ப ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தால் வேறுபடும் இரண்டு சேர்வைகள் தமிழில் எழுதியதும் ஒட்டிக்கொள்கின்றன.

| இது | இதோடு குழம்பும் | வித்தியாசம் |
|---|---|---|
| கிளைக்கோசன் | குளுக்ககோன் | முன்னது ஈரலில் சேமிக்கும் பல்சக்கரைட்டு, பின்னது அதை உடைக்கச் சொல்லும் ஓமோன் |
| தைமின் | தயமின் | முன்னது டீஎன்ஏயின் ஒரு மூலம், பின்னது விற்றமின் பி1 |
| கிளைசீன் | கிளிசரின் | முன்னது அமினோ அமிலம், பின்னது கொழுப்பில் கொழுப்பமிலங்களைத் தாங்கும் அற்ககோல் |
| கிரியற்றீன் | கிரியற்றினின் | முன்னது தசையில் இருப்பது, பின்னது அதன் கழிவு, சிறுநீரகப் பரிசோதனையில் அளப்பது |
| சிஸ்டியீன் | சிஸ்டீன் | கீழே பாருங்கள் |

கடைசி வரிசை பலரின் குறிப்புகளில் முழுதாக மறைந்தே போய்விட்டது. இரண்டு அமினோ அமிலப் பெயர்கள். ஆங்கிலத்தில் ஒன்றில் நடுவில் ஈ என்ற எழுத்து ஒன்று கூட இருக்கும், மற்றதில் இராது. எழுத்துக் கூடியது, கந்தகமும் ஐதரசனும் சேர்ந்த கூட்டத்தைத் தாங்கும் அமினோ அமிலம். எழுத்துக் குறைந்தது, அப்படியான இரண்டு மூலக்கூறுகள் கந்தகத்தோடு கந்தகம் பிணைந்து இரட்டையானது. தமிழில் இரண்டையும் 'சிஸ்டீன்' என்றே எழுதிவிடுகிறோம். இன்சுலினை எடுத்துப் பாருங்கள். 21 அமினோ அமிலம் உள்ள ஒரு சங்கிலி, 30 உள்ள இன்னொன்று, மொத்தம் 51. அதில் எழுத்துக் கூடிய சிஸ்டியீன் ஆறு. ஆறும் மூன்று சோடியாகப் பிணைகின்றன. இரண்டு சோடி இரண்டு சங்கிலியையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கின்றன, மூன்றாவது சோடி சிறிய சங்கிலிக்குள்ளேயே இருக்கிறது. "இன்சுலினில் ஆறு சிஸ்டீன்" என்று ஒருவர், "மூன்று சிஸ்டீன்" என்று இன்னொருவர் எழுதினால் யார் சரி? இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். நம் எழுத்துதான் அவர்களைச் சண்டைக்கு விட்டது.

ஒரு முறை என் வகுப்புச் சோதனையில், சாப்பிடாமல் இருக்கும்போது இரத்தத்தில் குளுக்கோசு எப்படிப் பேணப்படுகிறது என்று கேட்டிருந்தேன். ஒரு பிள்ளை முழு விடையும் சரியாக எழுதி, ஓமோனின் இடத்தில் கிளைக்கோசனையும், சேமிப்பின் இடத்தில் குளுக்ககோனையும் போட்டிருந்தது. விளக்கம் முழுக்கத் தலைகீழாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்குப் பாடம் தெரியும். இரண்டு பெயரையும் எழுத்துக் கூட்டிப் பார்க்காமல் காதால் மட்டும் படித்திருந்தது. அன்றிலிருந்து சேர்வைப் பெயரைப் பலகையில் எழுதும்போது அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலை அருகிலேயே எழுதாமல் நான் அடுத்த வரிக்குப் போவதில்லை.

இன்னொன்று. வினைச்சொல்லையும் ஆங்கிலத்தில் போடத் தொடங்கினால் வாக்கியம் குலைந்துவிடும். 'கொஅகியுலேட் ஆகும்' என்று எழுதுகிற பிள்ளை அது திரள்வதா, உறைவதா, உருக்குலைவதா என்று யோசிப்பதில்லை. தமிழில் திரள்வது என்று எழுத வேண்டி வந்தால் யோசித்தே ஆக வேண்டும்.

இந்த முறையின் ஒரு நன்மையையும் விட்டுவிடக்கூடாது. பெயரின் வால். ஓசு என்று முடிந்தால் பெரும்பாலும் வெல்லமோ வெல்லத்தால் ஆனதோ, ஏசு என்று முடிந்தால் நொதியம். சுக்குரோசு வெல்லம், அதை உடைப்பது சுக்குரேசு. பாடநூல் எழுத்திலும் இந்த வால் காப்பாற்றப்படுகிறது.

எப்போது இது நல்லது: தனிச் சேர்வைகளின் பெயருக்கு மட்டும், அதுவும் ஆங்கில எழுத்துக்கூட்டலோடு. வகைப் பெயருக்கும் வினைக்கும் வேண்டாம்.

## முழுக்க ஆங்கில மொழிமூலம்

குழப்பும் சோடிகள் இங்கே எழுத்திலாவது பிரிந்து நிற்கும். பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது மொழி மாறாது. உலகத்துப் புத்தகம் எல்லாம் திறந்து கிடக்கும். இதை ஒருவர் தெரிவு செய்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் உயிரியல் இரண்டாம் பத்திரத்தில் கட்டுரை எழுத வேண்டும். காரணத்தையும் விளைவையும் கோத்து, நேரத்துக்குள், பக்கம் பக்கமாக எழுத வேண்டும். பதினோராம் வகுப்புவரை தமிழில் யோசித்த பிள்ளைக்கு அது திடீரென்று வராது. ஆங்கிலத்தில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் நம் மாவட்டங்களில் எல்லா ஊரிலும் இல்லை, தேடிப் போக வேண்டும், பஸ் செலவு, நேரம், தனி வகுப்புக் காசு. இன்னொரு செலவு கணக்கில் வராதது. வீட்டில் யாரும் பாடத்தைக் கேட்டு விளங்கிக்கொள்ள முடியாமல் போகும். தாய்க்குத் தெரிந்த தயிரும் பருப்பும் ஒரு பக்கம், பிள்ளை படிக்கிற புரதம் இன்னொரு பக்கம் என்று ஆகிவிடும்.

எப்போது இது நல்லது: ஆறாம் ஏழாம் வகுப்பிலிருந்தே சில பாடங்களையாவது ஆங்கிலத்தில் படித்து வந்த, ஆங்கிலத்தில் தயங்காமல் வாசிக்கிற பிள்ளைக்கு.

## வீட்டிலும் கிளினிக்கிலும்

பரிசோதனை அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. அல்புமின், கிரியற்றினின், கொலஸ்ரோல் என்று ஆட்கள் அப்படியே சொல்கிறார்கள். அதை மாற்றப் போக வேண்டாம். அறிக்கையில் இருக்கிற பெயரும் வாயில் வருகிற பெயரும் ஒன்றாக இருப்பது நோயாளிக்குப் பாதுகாப்பு. உடற்பயிற்சிக் கூடத்தில் விற்கிற மாவில் இருப்பது கிரியற்றீன், சிறுநீரகத்துக்காகப் பார்ப்பது கிரியற்றினின். இதை ஒரு தம்பிக்குச் சொல்ல வேண்டி வந்தால் எழுதிக் காட்டுங்கள்.

தாய் சேய் கிளினிக்கில் பேசுவதென்றால் 'புரதம்' தாராளமாகப் போதும், எல்லோருக்கும் தெரிந்த சொல். சோற்றில் லைசீன் குறைவு, பருப்பிலும் பயறிலும் மெதியோனீன் குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். இதைச் சொல்ல அந்த இரண்டு பெயரும் வேண்டியதில்லை. "சோறு மட்டும் கொடுக்காதீங்க, பருப்பும் சேர்த்துக் குடுங்க" என்றால் விடயம் முடிந்தது. சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோஷாவிலும் இதே கணக்குத்தான்.

## அப்படியென்றால் நான் சொல்வது

நான்கில் ஒன்றை முழுக்கப் பிடித்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். சொல் எந்த இனம் என்று பார்த்துத் தெரிவு செய்யச் சொல்வேன். வகைப் பெயரும் (புரதம், நொதியம், இலிப்பிட்டு) செயலின் பெயரும் (நீர்ப்பகுப்பு, தொகுப்பு, அனுசேபம்) பாடநூல் தமிழில் இருக்கட்டும். தனி ஆளின் பெயர் (லைசீன், குளுக்ககோன், தைமின்) உலகப் பெயராக, ஆங்கில எழுத்துக்கூட்டலோடு இருக்கட்டும். மனிதரை அழைப்பதும் அப்படித்தானே. 'மாமா' என்ற உறவைத் தமிழில் சொல்கிறோம், மாமாவின் சொந்தப் பெயரை மொழிபெயர்ப்பதில்லை.

பாதையில் வருகிற பிள்ளைக்கு: கொப்பியின் கடைசிப் பக்கங்களில் மூன்று நிரல் போடு. முதலில் பாடநூல் சொல், அடுத்து வீடியோவில் கேட்ட சொல், மூன்றாவதில் ஆங்கிலச் சொல் எழுத்துக்கூட்டலோடு. ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். விடை எழுதும்போது முதல் நிரல் மட்டும்.

அக்கரைப்பற்று ஆசிரியைக்கு: முதல் வாரத்தில் எழுத்து விதிகளுக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள் மிஸ். இறைபோசோம் ஏன் இகரத்தில் தொடங்குகிறது, ஓமோனில் ஏன் ஹ இல்லை என்று சொல்லிவிடுங்கள். குழப்பும் சோடிகளை ஒரே நாளில் சேர்த்துக் கற்பிக்காதீர்கள். ஒன்று நன்றாக ஊறிய பிறகு மற்றதைக் கொண்டுவந்து, அப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

களுவாஞ்சிக்குடித் தகப்பனுக்கு நான் சொன்னது: மகன் பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவன், கட்டுரை நன்றாக எழுதுகிறான். இப்போது மாற்ற வேண்டாம். அந்தக் காசில் ஆங்கில உயிரியல் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். தமிழில் ஓர் அலகு முடித்ததும் அதே அலகை அதில் வாசிக்கட்டும், எழுத வேண்டியதில்லை. பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் திறக்கும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருப்பான், அப்போது அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து எடுக்கலாம். "அப்ப கொப்பியில் என்சைம் என்று எழுதினால் அடிக்க வேண்டாமா?" என்று கேட்டார். அடிக்க வேண்டாம் அண்ணன், பக்கத்தில் நொதியம் என்றும் எழுதச் சொல்லுங்கள் என்றேன்.